பூப்போட்ட கப்

சின்னவள் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, கடையில இனிமே எனக்கு டீ முறை கிடையாது.”

“ஏன், டீயையே நிறுத்திட்டாங்களா?”

“டீ இருக்கு. நான் போட வேண்டாமாம். நீ உட்காரு, நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. கல்லா அக்கா எனக்குன்னு புதுசா ஒரு கப் கூட வாங்கிட்டு வந்திருக்காங்க. பூப்போட்ட கப்.”

“வேற யாருக்கு வாங்கினாங்க?”

“எனக்கு மட்டும்தான்.”

“வேற யாரோட முறையை எடுத்தாங்க?”

“என்னுது மட்டும்தான் அக்கா.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கத்தியைக் கீழே வைத்தேன். கையில் கத்தியோடு கோபப்படுவது நல்லதில்லை.

சின்னவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. கீழே நாங்கள், மாடியில் அவர்கள், அடுப்பு மட்டும் ஒன்று. ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே அடுப்பில் சமைத்து இத்தனை வருஷம் மண்டை உடையாமல் இருக்கிறோம் என்றால் அதற்கு அவள் வாய்தான் காரணம். அதாவது, அவளுக்கு வாய் கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து எனக்கே இருக்கிறது.

அவள் வேலை செய்வது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கடை, அதே நாற்காலி. ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. இந்தப் பக்கம் கண்ணாடி போட வந்தவர், அந்தப் பக்கம் இவள். ஃப்ரேமை முகத்தில் மாட்டுவாள். மூக்கில் அழுந்துகிறதா என்று பார்ப்பாள். சூடு காட்டிக் கம்பியை வளைப்பாள். காதுக்குப் பின்னால் விரலை விட்டு எங்கே உரசுகிறது என்று தடவிப் பார்ப்பாள். கண்ணாடி போட்டதும் ஜனங்கள் தெளிவாகப் பார்க்கிற முதல் முகம் அவளுடையது. அதில் அவளுக்கு ஒரு பெருமை.

“போட்ட உடனே எதிர்க்கடை போர்டையெல்லாம் சத்தமா படிப்பாங்க அக்கா, ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்க மாதிரி” என்று சொல்லிச் சிரிப்பாள். ஒருவர் புதுக் கண்ணாடியோடு திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்து, “உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?” என்று கேட்டாராம். அந்த அம்மா கண்ணாடியைப் பிடுங்கி, “இது வேண்டாம், பழசையே குடுங்க” என்றாராம்.

போன வருஷம் சின்னவளின் ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. பாத்திரம் தேய்க்கிற பவுடர் அரித்துவிட்டது என்று நினைத்தோம். அது மற்ற விரல்களுக்கும் போய், உதட்டோரத்தில் ஒரு கீற்றும் வந்தபோது தோல் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

“இது தொத்து வியாதி இல்லைம்மா. தொட்டா வராது, சேர்ந்து சாப்பிட்டா வராது. தோல்ல நிறம் போகுது, அவ்வளவுதான்” என்றார் டாக்டர். நான் திரும்பவும் கேட்டேன். அவரும் சலிக்காமல் திரும்பவும் சொன்னார். அதோடு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது. அவள் பிசைந்த மாவைத்தான் தின்கிறோம். அவள் பின்னிவிட்டால்தான் என் மகளுக்குச் சடை சடையாக இருக்கும். நான் பின்னினால் அது கயிறு.

ஆக, வீட்டில் முடிந்த பேச்சு கடையில் ஆரம்பித்திருக்கிறது. அதுவும் சத்தம் இல்லாமல், பூவெல்லாம் போட்டுக்கொண்டு.

“அடியே, இதுவரைக்கும் எந்தக் கப்புல குடிச்சே?”

“எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கப்புதானே. கையில வர்றதை எடுத்துக் குடிப்போம்.”

“இப்ப?”

“இப்ப நான் பூப்போட்டதுல.”

“அதுல வேற யாராவது குடிப்பாங்களா?”

அவள் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவப் போட்டாள்.

“நீ போட்ட டீயை அவங்க குடிக்க மாட்டாங்க. நீ குடிச்ச கப்பை அவங்க தொட மாட்டாங்க. அதை உன் மூஞ்சிக்கு நேரா சொல்லத் துப்பில்லாம ஒரு பூவை ஒட்டிக் குடுத்திருக்காங்க. நீ அதைப் பரிசுன்னு நினைச்சு இளிச்சுக்கிட்டு வர்றே.”

“நீங்க எதையும் கோணலாத்தான் பாப்பீங்க” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்று மேலேயிருந்தே குரல் வந்தது. நான் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அதிலிருந்து எனக்குப் புரிந்தது.

அடுத்ததாகக் கையுறை வந்தது.

அந்தக் கடை மேனேஜருக்கு நான் வைத்த பேர் சர்க்கரைப்பாகு. நான் பார்த்ததில்லை, சின்னவள் சொல்லக் கேட்டே வைத்தது. அவ்வளவு இனிப்பாகப் பேசுவாராம். யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லையாம். எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். “உங்க நல்லதுக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டே மிதிக்கிறவனை என்ன செய்வது? காலை எடு என்று சொன்னால், காலா, எந்தக் கால் என்று கேட்பான்.

சர்க்கரைப்பாகு ஒரு பெட்டி ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். “சுகாதாரத்துக்காகம்மா. உங்க பாதுகாப்புக்கும்தான்” என்றார். பக்கத்து மேஜையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சளி பிடித்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அதே கையால் ஃப்ரேம் மாட்டிக்கொண்டிருந்தாள். சுகாதாரம் அந்த மேஜை வரைக்கும் போகவில்லை.

கையுறை போட்ட விரல் காதுக்குப் பின்னால் போனால் முடியைப் பிடித்து இழுக்கும். எங்கே உரசுகிறது என்று தெரியாது. அதுவரை அவள் கையைக் கவனிக்காதவர்கள்கூட, “ஏம்மா, கையில என்ன அடியா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் என்ன சொல்வாள்? “ஒண்ணுமில்லைங்க” என்பாள். ஒன்றுமில்லாததற்கு எதற்குக் கையுறை என்று அவர்கள் குனிந்து பார்ப்பார்கள்.

கொஞ்ச நாளில் சர்க்கரைப்பாகு அவளைக் கூப்பிட்டார். “கஸ்டமர்ல ஒரு சிலர் சங்கடப்படறாங்கம்மா. நான் ஒண்ணும் நினைக்கல. நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. கொஞ்ச நாள் உள்ள இருங்களேன்.”

உள்ளே என்பது கடைக்குப் பின்னால் இருக்கும் அறை. ஜன்னல் கிடையாது. ஒரு மூலையில் லென்ஸ் வெட்டும் மெஷின் கத்திக்கொண்டிருக்கும். அட்டைப் பெட்டிகள், துடைப்பம், டீ போடுகிற கெட்டில், நடுவில் ஒரு ஸ்டூல். லென்ஸ் கவர்களைப் பிரித்து அடுக்க வேண்டும். கண்ணாடி டப்பாவுக்குள் துடைக்கிற துணியை மடித்து வைத்து மூட வேண்டும். அங்கேயும் கையுறையோடுதான். வேலை அவ்வளவுதான். அதை அவள் செய்துவிட்டுப் போவாள். ஆனால் அந்த அறைக்குப் போனவர் யாரும் திரும்பி முன்னால் வந்ததில்லை. அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

முன்பு ஒரு பெண் மாசமானதும், “அலைய வேண்டாம்மா” என்று உள்ளே அனுப்பினார்கள். பிரசவம் முடிந்து வந்தவளிடம், உள்ளே இப்போது ஆள் தேவைப்படவில்லை என்றார்கள். இன்னொருவர் நல்ல வயசாளி, முன்பல் விழுந்ததும் உள்ளே போனார். ஒரு நாள் அவர் ஸ்டூல் காலியாக இருந்தது. சர்க்கரைப்பாகு யாரையும் வேலையை விட்டுப் போ என்று சொல்ல மாட்டார். உள்ளே அனுப்புவார். மிச்சத்தை அந்த அறை பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்குச் சாயந்திரம் சின்னவள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கப்பு பரிசு இல்லைதானே அக்கா?”

“இல்லடி.”

“எனக்கு என் நாற்காலி வேணும்.”

“அந்தக் கடையே வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டு வேற இடம் பாரேன்.”

“வேற இடத்துக்கும் இதே கைதானே அக்கா வரும். அங்கயும் ஒரு உள் அறை இருக்கும். நான் எதுக்குப் போகணும்? நான் என்ன பண்ணேன்?”

அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை. நான் என்ன பண்ணேன் என்று திரும்பத் திரும்ப, கணக்கு வராத பிள்ளை மாதிரி கேட்டாள்.

கொழுந்தன் பஸ் டிரைவர். டூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவன், “அண்ணி, இதைப் பெருசு பண்ணாதீங்க” என்றான். “கண்டவங்க முகத்தைத் தடவற வேலை போச்சு, உள்ள நிம்மதியா உட்காந்து பாக்கற வேலை வந்திருக்கு. சம்பளமும் குறையல. எதுக்கு வம்பு?”

“தம்பி, நாளைக்கு உன் டிப்போவுல, உன் மூக்கு கோணலா இருக்கு, பாசஞ்சருங்க பயப்படறாங்க, இனிமே நீ வண்டி ஓட்ட வேண்டாம், பின்னாடி நின்னு பஸ் கழுவுன்னு சொன்னா கழுவுவியா?”

“என் மூக்கு கோணலாவா இருக்கு?”

“இப்ப அதுவா பேச்சு?”

“இல்ல அண்ணி, நீங்கதானே சொன்னீங்க.”

சாப்பிட்டுவிட்டு எழுந்தவன் கண்ணாடி முன்னால் நின்று மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். தன் மூக்கு என்றால் அவ்வளவு கவலை. பெண்டாட்டி கை என்றால் வம்பு எதற்கு.

எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் ரொம்ப நாளாகிவிட்டது. நூலை எச்சில் பண்ணி எச்சில் பண்ணி நாக்குதான் மரத்துப்போகும். எப்படியும் கண்ணாடி போட வேண்டும். எந்தக் கடையில் போடுவது என்பதிலும் யோசிக்க ஒன்றுமில்லை. சின்னவளிடம் சொன்னால் தடுப்பாள் என்று சொல்லவில்லை. நான் அந்தக் கடை வாசலோடு போயிருக்கிறேனே தவிர, உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

கண் பரிசோதனை முடிந்ததும் ஃப்ரேம் எடுக்க ஜன்னலோரம் உட்காரச் சொன்னார்கள். சின்னவளுடைய நாற்காலியில் அந்தச் சளிப் பெண் இருந்தாள். பாவம், நல்ல பெண்தான். ஒரு ஃப்ரேமை மாட்டிவிட்டு, “நல்லாருக்கு ஆன்ட்டி” என்றாள். அது என் மூக்கில் நிற்காமல் சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தது.

“இங்க ஒரு அம்மா இருப்பாங்களே, எங்க அவங்க?”

“உள்ள வேலையா இருக்காங்க ஆன்ட்டி.”

“கையில வெள்ளை வெள்ளையா இருக்குமே, அவங்கதானே?”

அந்தப் பெண் மேனேஜர் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, வழித்துச் சீவின தலை. என்னைப் பார்த்துக் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதாக அவர் நினைத்துக்கொண்டார். உள்ளே அந்த மெஷின் சத்தத்தில் பேசிப் பழகியவர்களுக்குத் தாழ்ந்த குரல் என்பது கிடையாது.

“கவலையே படாதீங்கம்மா. அவங்கள உள்ள போட்டாச்சு. இனிமே உங்க முகத்துல அந்தக் கை படாது.”

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆனாலும் வாயை அடக்கிக்கொண்டு கேட்டேன். “ஏன், யாராவது புகார் சொன்னாங்களா?”

“அப்படி வாயைத் திறந்து யாரும் சொல்லலம்மா. சொல்ற வரைக்கும் நாம காத்திருக்கலாமா? உங்கள மாதிரி இருக்கிறவங்க மனசுல என்ன நினைப்பீங்கன்னு நாமளே புரிஞ்சு நடந்துக்கணும் இல்லையா.”

யாரும் சொல்லவில்லை. சங்கடப்பட்ட கஸ்டமர் என்று ஒருவர் இந்த உலகத்திலேயே இல்லை. இந்த மனுஷன் தன் அருவருப்பை எடுத்து என் மனசில் வைத்து, என் பேரைச் சொல்லி அவளை இருட்டில் தள்ளியிருக்கிறார். எனக்காகவாம்.

“என் மனசுல என்ன இருக்குன்னு நானே சொல்றேன் கேட்டுக்குங்க” என்றேன். எனக்குத் தாழ்ந்த குரல் பிறவியிலேயே கிடையாது. “அந்தக் கை காலையில பிசைஞ்ச மாவைத்தான் நான் தின்னுட்டு வந்திருக்கேன். அந்தக் கைதான் என் பொண்ணுக்குச் சடை பின்னுது. எனக்குக் காய்ச்சல் வந்தா அந்தக் கைதான் நெத்தியில ஈரத்துணி போடுது. அவ என் ஓரகத்தி.”

பாகு முறுகிவிட்டது. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது; கீழே இறக்கத் தெரியவில்லை.

“மேடம், நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க.”

“நான் எதையும் எடுக்கல. நீங்களாத்தான் குடுத்தீங்க.”

இன்னும் நிறைய வைத்திருந்தேன். அதற்குள் உள் அறைத் திரை விலகியது. சின்னவள் நின்றாள். அவள் பின்னால் லென்ஸ் வெட்டுபவரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

“அக்கா, போதும்” என்றாள் என்னைப் பார்த்து. “இது என் கடை. நான் பேசிக்கறேன்.”

இத்தனை வருஷத்தில் அவள் என் பேச்சை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. என் வாயும் நின்றது.

கையுறையை ஒவ்வொரு விரலாக உரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். “யாரும் புகார் சொல்லலையா சார்?”

“உள்ள வாங்கம்மா. உட்காந்து பேசலாம்.”

“இங்கயே பேசுங்க சார். உள்ள பேசினதெல்லாம் போதும்.”

“கஸ்டமர்லாம் இருக்காங்கம்மா.”

“அவங்களுக்காகத்தானே சார் என்னை உள்ள போட்டீங்க. இருக்காங்க இல்ல, கேளுங்க. யாருக்கு என் கையால கண்ணாடி போட்டுக்க இஷ்டமில்லைன்னு இப்பவே கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தராவது வாயைத் திறப்பார்கள் என்று பார்த்தேன். எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து செல்போனில் அவசர வேலை வந்துவிட்டது. ஒரு அம்மா மட்டும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

“பாத்தீங்களா?” என்றார் சர்க்கரைப்பாகு. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “இதுக்குத்தான் சொன்னேன்.”

“அவங்க என் கையைப் பாத்துப் போனாங்களா, உங்க வாயைக் கேட்டுப் போனாங்களான்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

அதற்குள் சளிப் பெண் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே எழுந்து தன் பழைய மேஜைக்குப் போனாள். சின்னவள் வந்து உட்கார்ந்தாள். இழுப்பறையைத் திறந்தாள். அவளுடைய சின்னத் திருப்புளி அங்கேயேதான் இருந்தது.

“தலையை நேரா வையுங்க அக்கா.”

ஃப்ரேமைக் கழற்றி, சூடு காட்டி, வளைத்து, திரும்ப மாட்டினாள். காதுக்குப் பின்னால் விரல் வந்தது. ஜில்லென்று இருந்தது.

“இங்க அழுத்துதா?”

“அழுத்துது” என்றேன். அழுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவள் அந்த நாற்காலியில் உட்காரட்டும் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு நல்ல டோஸ் கிடைத்தது. “யாரைக் கேட்டு வந்தீங்க? அந்த இடத்துலயே வேலையை விட்டுப் போன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? உங்களுக்கு என்ன, பேசிட்டு வந்துடுவீங்க. நாளைக்கு அங்க போய் நிக்கப் போறது நான்.” அவள் சொன்னது அத்தனையும் சரி. நான் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தேன். திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலை அவள் எல்லோருக்கும் முன்னால் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரைப்பாகு முதலாளிக்குப் போன் பண்ணினார். முதலாளிக்கு இந்த மாதிரி இன்னும் சில கடைகள் உண்டு, எப்போதாவதுதான் வருவார். வந்தார். அவருக்கு நியாயம் அநியாயமெல்லாம் பெரிய விஷயமில்லை. கடை நடுவில் சத்தம் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

“நீ தாராளமா முன்னாடியே உட்காரும்மா. கையுறை மட்டும் போட்டுக்க” என்றார்.

“எல்லாரும் போட்டா நானும் போடறேன் சார். எனக்கு மட்டும்னா மாட்டேன்.”

“சரி, எல்லாரும் போடுங்கப்பா. அதுல என்ன வந்தது” என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். பெரிய நீதி வழங்கிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

அப்புறம் நடந்ததைச் சின்னவள் தினமும் வந்து சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கல்லா அக்கா கையுறையோடு பில் மெஷினில் ஒரு பட்டனைத் தொட்டால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அமுங்குமாம். யாருக்கோ ஒரு கண்ணாடிக்குப் பதிலாக ஒன்பது கண்ணாடிக்குப் பில் வந்துவிட்டதாம். சளிப் பெண்ணின் கையுறை ஃப்ரேம் கீலில் மாட்டிக் கிழிந்து, ரப்பர்த் துண்டு ஒருவர் மூக்கில் ஒட்டிக்கொண்டதாம். லென்ஸ் வெட்டுபவர், “மெஷின்கிட்ட இதைப் போட்டா விரலோட போயிடும், வேணும்னா என்னை வெளிய அனுப்பிடுங்க” என்று முதல் நாளே கழற்றி எறிந்துவிட்டார். சர்க்கரைப்பாகுக்குக் கை வியர்த்து, தோல் ஊறி, துணி அலசின கை மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாரம்கூட அவர் தாங்கவில்லை. “இது நம்ம கடைக்கு ஒத்து வராது” என்று அவரே கையுறைப் பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

சின்னவள் அத்தனை நாள் போட்டுக்கொண்டிருந்தபோது அது சுகாதாரம். தன் கை வியர்த்ததும் அது தொந்தரவு.

நாற்காலி கிடைத்தது. ஆனால் தப்புதான், மன்னிச்சிடு என்று அந்தக் கடையில் ஒரு ஈ காக்காகூடச் சொல்லவில்லை. கல்லா அக்கா மட்டும் ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, “நான் நல்ல மனசோடதான் அந்தக் கப்பு வாங்கினேன். நீ என்னையும் சேர்த்து நினைச்சுட்டே” என்றாளாம்.

“நல்ல மனசா இருந்தா உங்களுக்கும் ஒண்ணு வாங்கியிருப்பீங்களே அக்கா” என்றாளாம் சின்னவள். வாய் இல்லாதவள் என்று நான் சொன்னேனே, அவள்தான்.

என் கண்ணாடி தயாராகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். மத்தியானத்துக்கு மேல் போனேன். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. எனக்குப் பகீரென்றது. அதற்குள் உள் அறைத் திரையைத் தோளால் தள்ளிக்கொண்டு சின்னவள் வந்தாள். கையில் தட்டு, தட்டில் டீ.

“இன்னைக்கு என் முறை” என்றாள் என்னிடம். முறை அட்டவணையில் தன் பேரைத் தானே திரும்பச் சேர்த்துக்கொண்டாளாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணம் சொல்ல வேண்டும். அதை இப்போது கடை முன்னால், எல்லோர் எதிரிலும் சொல்ல வேண்டும்.

லென்ஸ் வெட்டுபவர் ஒரு கப்பை எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டு, “சர்க்கரை கம்மி” என்றார். சளிப் பெண் எடுத்துக்கொண்டாள். கல்லா அக்கா எடுத்து, கொஞ்ச நேரம் கப்புக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்து, பாதி குடித்து வைத்தாள். சின்னவள் தனக்கு ஒரு வெள்ளைக் கப்பை எடுத்துக்கொண்டாள். தட்டில் மிச்சம் இருந்தது பூப்போட்ட கப். அதைக் கொண்டுபோய் சர்க்கரைப்பாகு மேஜையில், அவருக்கு நேர் முன்னால் வைத்தாள்.

“எனக்கு வேண்டாம்மா. வயிறு சரியில்லை.”

“இருக்கட்டும் சார்.”

வந்து என் எதிரே உட்கார்ந்து கண்ணாடி டப்பாவைத் திறந்தாள். நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன். “நேத்தும் அந்த ஆளுக்கு வயிறு சரியில்லையா?”

“நேத்து கல்லா அக்கா முறை. ரெண்டு கப்பு குடிச்சாரு.”

“அப்புறம் எதுக்குடி அந்த ஆள் முன்னாடி வைக்கறே? எடுத்துட்டுப் போய் ஊத்து.”

“ஊத்த மாட்டேன் அக்கா. இத்தனை நாள் என் கை டீ வேண்டாம்னு நினைச்சதை உள்ளயே மறைச்சு வச்சாங்க. எனக்கே தெரியாம இருந்துச்சு. இனிமே குடிக்கலைன்னா மேஜை மேல வச்சு, எல்லாரும் பாக்கக் குடிக்காம இருக்கட்டும். தலையை நேரா வையுங்க.”

மாட்டிவிட்டாள். விரல் காதுக்குப் பின்னால் போய்த் தடவிப் பார்த்தது. இந்த முறை ஜில்லென்று இல்லை.

“அழுத்துதா?”

“இல்ல.”

புதுக் கண்ணாடியில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கப்பில் இருக்கிற பூ சிவப்பு, இலை பச்சை. டீயில் ஆடை படிய ஆரம்பித்திருந்தது. கண்ணாடி வாங்க வந்தவர் ஒருவர் மேனேஜர் எதிரே உட்கார்ந்து, “டீ ஆறுதே சார், குடிங்க” என்றார். சர்க்கரைப்பாகு சிரித்தார். கப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அதற்கு மேல் தள்ள மேஜையில் இடமில்லை.

“மறுபடி உன் முறை எப்ப வரும்?” என்றேன்.

“வரும்” என்றாள் சின்னவள், கண்ணாடித் துணியை மடித்து டப்பாவில் வைத்துக்கொண்டே. “வந்தா அவருக்கு அந்தப் பூப்போட்டதுலதான் ஊத்துவேன்.”